வீட்டுக் கணினிக்கு யார் குரல் கொடுப்பது?

(தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு கருத்தைச் சொன்னார். பேச்சைக் கேட்டு நடக்கும் இந்தச் சின்னப் பெட்டிகள் பாட்டுப் போடவும் மழை வருமா என்று கேட்கவும்தான் பயன்படும், இதற்குப் போய் ஒரு கருத்துக்களமா என்று கேட்டார். அவருடைய வீட்டில் அப்படித்தான் இருக்கும். தவறில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கணினியைக் கட்டிவிட்டால் கதை மாறிவிடுகிறது. இங்கே ஒரு வார்த்தை சொன்னால், வேறோர் அறையில், வேறோர் ஊரில், ஏன் வேறொரு நாட்டில் இருக்கும் கணினி ஒரு வேலையைச் செய்கிறது. கணினியை மூடுகிறது, திறக்கிறது, கோப்புகளை நகலெடுக்கிறது, அழிக்கவும் செய்கிறது. நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். என் அம்மா தைப்பிங்கில் தனியாக இருக்கிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விரல் மூட்டுகளில் வாதம். மேசைக்கு அடியில் இருக்கும் கணினியின் பொத்தானைக் குனிந்து அழுத்த முடியாது. ஆனால் கணினி வேண்டும். பழைய மாணவர்கள் அனுப்பும் படங்கள், பள்ளியின் ஆண்டுக் குழுப்படங்கள், பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசுவது எல்லாம் அதில்தான். கைத்தொலைபேசித் திரை அவருக்குச் சின்னது.

ஆகவே நான் ஒரு கூகல் ஒலிபெருக்கியை வாங்கிக் கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். சொன்னால் கணினி திறக்க வேண்டும், சொன்னால் மூட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். முதல் சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? மொழியில்! அம்மா சொல்லும் ஆங்கிலம் அந்தப் பெட்டிக்குப் புரியவில்லை. "டர்ன் ஆன் தி கம்ப்யூட்டர்" என்று அவர் சொன்னால், அது ஏதோ பாட்டைத் தேடித் தருகிறது. நாம் விரும்பும் சொற்றொடரையே கட்டளையாகப் பதிந்து வைக்கும் வசதி இந்தக் கருவிகளில் உண்டு. "உங்களுக்கு எது எளிதாக வரும், சொல்லுங்கள்" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஸ்கூல் ஸ்டார்ட், ஸ்கூல் ஃபினிஷ்" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் கணினியைத் திறப்பது ஸ்கூல் ஸ்டார்ட், மூடுவது ஸ்கூல் ஃபினிஷ்.

வார்த்தை போகும் வழி

நேயர்களுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அம்மா "ஸ்கூல் ஸ்டார்ட்" என்று சொன்னதும் அந்தப் பெட்டி நேரே கணினியிடம் பேசிவிடுவதில்லை. பெட்டிக்குத் தானாகத் தெரிவது அதைக் கூப்பிடும் பெயர் மட்டும்தான். பெயர் காதில் விழுந்ததும், அதற்குப் பின் வரும் பேச்சைப் பதிவு செய்து இணையத்தின் வழி நிறுவனத்தின் பெரிய கணினிகளுக்கு அனுப்புகிறது. அங்கே பேச்சு எழுத்தாகிறது. எழுத்திலிருந்து "இவருக்கு என்ன வேண்டும்" என்பது கண்டுபிடிக்கப்படுகிறது. பிறகு அந்த வேண்டுகோள் நாம் இணைத்து வைத்திருக்கும் இன்னொரு சேவைக்குப் போகிறது. அந்தச் சேவை மீண்டும் கடல் தாண்டி நம் வீட்டுக்கு வந்து, வீட்டில் காத்திருக்கும் ஒரு சிறு மென்பொருளிடம் "இதைச் செய்" என்கிறது. மேசையின் மேலிருந்து மேசையின் அடிக்கு இரண்டு அடி தூரம். வார்த்தை போய் வருவதோ ஆயிரக்கணக்கான மைல். தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இடி இடித்து இணையம் போய்விட்டால், இரண்டு அடியில் இருக்கும் கணினியும் செவிடாகிவிடும்.

இந்த "இது நடந்தால் அதைச் செய்" என்னும் முறையைப் பொதுமக்களிடம் கொண்டு வந்ததில் இஃப்ட் என்னும் சேவைக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. பெயரே அந்த ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்துகள்தான். அடுத்த ஆண்டு ஆப்பிளின் சிரி வந்தது. 2014-இல் அமேசான் நிறுவனத்தின் எக்கோ, 2016-இல் கூகலின் ஒலிபெருக்கி. இன்று ஐபோனில் ஷார்ட்கட்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. அதில், தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைந்து ஒரு கட்டளையை நிறைவேற்று என்பதையே ஒரு வரியாகப் போட்டு, அதற்கு ஒரு பெயர் வைத்து, சிரியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். ஒரு காலத்தில் கணினி மையத்தில் குளிர்சாதன அறைக்குள் இருந்தவர்கள் மட்டும் செய்த வேலை அது.

அந்தக் கணினி மையத்து வேலைக்கும் ஒரு வரலாறு உண்டு. தொலைவுக் கணினியில் நுழைய நெடுங்காலம் பயன்பட்டது டெல்நெட். அதில் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டை போலப் போகும். வழியில் இருக்கும் யாரும் படித்துக் கொள்ளலாம். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டமைப்பில் யாரோ இப்படிக் கடவுச்சொற்களைத் திருட, அங்கிருந்த டாட்டு யுலோனென் என்பவர் உட்கார்ந்து எஸ்எஸ்எச் என்னும் முறையை எழுதினார். பேசுவது முழுவதும் பூட்டிய உறைக்குள் போகும். இன்று உலகின் சர்வர்களில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் பராமரிக்கப்படுகின்றன. நான் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

மூன்று ஆல்பம்

இனி என் தவறுக்கு வருகிறேன். தவறுகளுக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் நான் செய்தது சோம்பேறி வழி. மேசையில் உள்ள எல்லா மின்கம்பிகளையும் ஒரே ஸ்மார்ட் பிளக்கில் செருகினேன். மின்சாரம் வந்தால் தானாகத் திறந்து கொள்ளும்படி கணினியின் உள் அமைப்பை மாற்றினேன். "ஸ்கூல் ஸ்டார்ட்" என்றால் பிளக்கில் மின்சாரம் வரும், கணினி திறக்கும். "ஸ்கூல் ஃபினிஷ்" என்றால் கணினிக்கு மூடும் கட்டளை போகும். சிறிது நேரம் கழித்து பிளக் அணையும். கணினி மூடி முடித்துவிட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. நேரத்தை நம்பினேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

பள்ளி விடுமுறைக்கு அக்காள் மகன் பாட்டி வீட்டுக்கு வந்திருந்தான். ஏழு வயது. அவனுக்கு அந்தப் பெட்டி பெரிய விளையாட்டு. "ஸ்கூல் ஃபினிஷ்!" என்று கத்தினால் பாட்டியின் மேசையே அணைந்து போகிறது, எந்தப் பையன் சும்மா இருப்பான்? அந்த நேரத்தில் அம்மாவின் பழைய குழுப்படங்கள் வெளி வட்டில் ஏறிக் கொண்டிருந்தன. பழைய மாணவர்களிடம் இரவல் வாங்கி, ஒவ்வொன்றாக வருடிப் பதிந்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட படங்கள். வட்டு எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. மறுநாள் வட்டைத் திறந்தால் கோப்புப் பட்டியலே குழம்பிக் கிடக்கிறது. மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்ததில் பெரும்பகுதி வந்தது. மூன்று ஆல்பம் வரவில்லை.

அம்மா பையனைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. "அவன் சொன்னா அது ஏன் கேக்குது? நான்தானே டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

நேயர்களே, நான் இதுவரை படித்த எந்தப் பாதுகாப்புக் கையேடும் இவ்வளவு சுருக்கமாக இதைக் கேட்டதில்லை. குரலுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பை அந்தப் பெட்டி பார்ப்பதில்லை. குரலைப் பிரித்தறியும் வசதி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் உங்கள் நாட்காட்டி, உங்கள் நினைவூட்டல் போன்ற சொந்த விவரங்களைத் தருவதற்குத்தான். விளக்கைப் போடு, சுவிட்சை அணை என்பதற்கு யார் குரலும் போதும். தொலைக்காட்சியின் குரல்கூடப் போதும். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அலெக்சாவிடம் பேசிப் பொம்மை வீடு ஒன்றை வரவழைத்துவிட்டாள். சேண்டியாகோவில் ஒரு தொலைக்காட்சி நிலையம் அதைச் செய்தியாகச் சொன்னது. செய்தி வாசிப்பவர் அந்தச் சிறுமி சொன்னதைச் சொல்லிக் காட்ட, செய்தி பார்த்துக் கொண்டிருந்தவர்கள் சிலரின் வீட்டுக் கருவிகளும் பொம்மை வீடு வாங்கக் கிளம்பிவிட்டன! அதே ஆண்டு ஏப்ரலில் பர்கர் கிங் நிறுவனம் வேண்டுமென்றே ஒரு விளம்பரத்தில் கூகல் கருவியைக் கூப்பிட்டு, தன் பர்கரைப் பற்றி வீடுகளில் பேச வைத்தது. கூகல் சில மணி நேரத்தில் அதை நிறுத்தியது. நானும் இப்போது இந்த நிலையத்தில் உட்கார்ந்து கொண்டு அந்தக் கூப்பிடும் பெயர்களை முழுதாகச் சொல்லாமல் தவிர்க்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

2019-இல் தோக்கியோவையும் மிச்சிகனையும் சேர்ந்த ஆய்வாளர்கள் லேசர் ஒளியைக் கருவியின் ஒலிவாங்கியில் பாய்ச்சி, ஓசையே இல்லாமல் கட்டளை கொடுத்துக் காட்டினார்கள். 110 மீட்டர் தூரத்திலிருந்தும் முடிந்தது. ஆனால் நான் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ளவில்லை. அம்மா வீட்டு எதிரே இருப்பது ஒரு வாழைத்தோட்டம். லேசரோடு அங்கே யாரும் நிற்கப் போவதில்லை. எங்களுக்கு ஆபத்து ஏழு வயதில், அரைக்கால் சட்டையோடு வந்தது.

திறந்து வைத்த கதவு

பிளக்கைக் கழற்றினேன். ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வாங்கி வைத்தேன். இரவும் பகலும் ஓடினாலும் மின்கட்டணத்தில் தெரியாது. அதில் ஹோம் அசிஸ்டண்ட் என்னும் மென்பொருள். 2013-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. வீட்டுக் கருவிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து ஆளலாம் என்பது அதன் கொள்கை. பெரிய கணினியை எழுப்புவதற்கு இனி மின்சாரத்தைத் துண்டித்து இணைக்க வேண்டியதில்லை. மாயப் பொட்டலம் என்று ஒன்று உண்டு. பெயர் அப்படி, விஷயம் எளியது. 102 பைட்டு நீளமுள்ள ஒரு செய்தி. முதல் ஆறு பைட்டும் எழுப்பும் மணி போல ஒரே எண். அதன் பிறகு, எழுப்ப வேண்டிய கணினியின் வன்பொருள் முகவரி பதினாறு முறை. தூங்கும் கணினியின் கட்டமைப்பு அட்டை மட்டும் விழித்திருந்து தன் முகவரிக்காகக் காத்திருக்கும். வந்ததும் கணினியை எழுப்பும். ஆனால் கம்பி வழி இணைப்பு இருந்தால்தான் நம்பி இருக்கலாம். வைஃபையில் பல கணினிகள் எழுவதில்லை.

மூடுவதற்கு, இந்தச் சின்னக் கணினி எஸ்எஸ்எச் வழியாகப் பெரிய கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கிறது. நகல் எடுக்கும் வேலை நடந்து கொண்டிருந்தால் மறுத்துவிடும். இல்லையென்றால் திரையில் ஒரு நிமிட அறிவிப்புக் காட்டி, பிறகு முறையாக மூடும். பையன் கத்தினாலும் அம்மாவுக்கு அதை நிறுத்த ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு இங்கேதான். சிங்கப்பூரிலிருந்து நானும் நுழைய வேண்டுமே என்று, தைப்பிங் வீட்டு ரௌட்டரில் எஸ்எஸ்எச்சுக்கு உரிய 22-ஆம் எண் வாசலை உலகத்துக்கே திறந்து விட்டேன். கடவுச்சொல்லும் அப்படியொன்றும் கடினமானதில்லை. ஒரு மாலை திறந்தேன். மறுநாள் காலை பதிவேட்டைப் பார்த்தால் ஆயிரக்கணக்கான முறை யார் யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். ரூட், அட்மின், பை, டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றி. எங்கள் அம்மாவைத் தெரிந்து வந்தவர்கள் இல்லை. மனிதர்களே இல்லை. திறந்த வாசல்களைத் தேடி நாள் முழுவதும் உலகைச் சுற்றும் நிரல்கள் அவை. இதில் வேடிக்கை, நான் பிழைப்புக்குப் பார்ப்பதே கணினிப் பராமரிப்பு வேலை. அலுவலகத்தில் இப்படி யாராவது செய்திருந்தால் நானே எகிறிக் குதித்திருப்பேன். வீடு என்றால் நமக்கு ஓர் அலட்சியம்.

அந்த அலட்சியத்தின் விலையை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2016-இல் மிராய் என்னும் தீய நிரல் பரவியது. வீட்டுக் கேமராக்களிலும் ரௌட்டர்களிலும், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவற்றைத் தேடி, அறுபதுக்கு மேற்பட்ட பெயர்களையும் கடவுச்சொற்களையும் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. பிறகு அந்தக் கருவிகளையெல்லாம் ஒரு படையாகச் சேர்த்துப் பிறர் மீது ஏவினார்கள். அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் எட்டாமல் போயின. அடுத்த நாளும், 24-ஆம் தேதியும் சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்களின் இணையம் தடுமாறியது. வாடிக்கையாளர்களின் வீடுகளில் இருந்த, பிறர் கைக்குப் போய்விட்ட கருவிகளும் அந்தத் தாக்குதலில் பங்கு கொண்டன என்று அப்போது நிறுவனம் தெரிவித்தது. அதாவது தாக்கப்பட்டவர் வீட்டுக் கருவியே தாக்கியிருக்கிறது. சிங்கப்பூரில் 2020-இல் இத்தகைய கருவிகளுக்கு நான்கு நிலைப் பாதுகாப்பு முத்திரைத் திட்டம் வந்ததும், 2021 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வரும் வைஃபை ரௌட்டர்களுக்கு அது கட்டாயமானதும் நல்ல காரியங்கள். வாங்கும்போது பெட்டியில் அந்த முத்திரையைத் தேடுங்கள்.

நான் வாசலை அன்றே மூடினேன். இப்போது கடவுச்சொல்லால் யாரும் நுழைய முடியாது. மின்னியல் சாவி வேண்டும். வெளியிலிருந்து நான் வருவதும் மறைவான தனி வழியாக மட்டும்தான். சின்னக் கணினியிடம் இருக்கும் சாவிக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். அந்தச் சாவியால் மூடும் கட்டளையை மட்டும்தான் கொடுக்க முடியும். திருடிக் கொண்டு போனாலும் அதை வைத்து ஒரு படத்தைக்கூட அழிக்க முடியாது. இந்த வசதி எஸ்எஸ்எச்சில் நெடுநாளாக இருக்கிறது. பலர் பயன்படுத்துவதில்லை. குரல் வழி வரும் சொற்களை அப்படியே கணினிக் கட்டளையாக மாற்றி ஓட விடுவது மட்டும் கூடவே கூடாது. பட்டியலில் இரண்டு வேலை இருந்தால் இரண்டு வேலைதான். மூன்றாவதாக எதைச் சொன்னாலும் கணினி காதில் விழக்கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று புதிதாக வரும் குரல் உதவியாளர்கள் பதிந்து வைத்த சொற்றொடரோடு நிற்பதில்லை. நாம் பேசுவதைப் புரிந்து கொண்டு தாமே என்ன செய்வது என்று முடிவெடுக்கின்றன. அம்மாவுக்கு இதில் ஒரு நன்மை. 2024-இல் கூகலின் ஜெமினி தமிழிலும் பேசத் தொடங்கியது. இனி அவர் தமிழில் கேட்கலாம், வகுப்பே எடுக்கலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டியதைக் கேளுங்கள். நாட்காட்டிக்கு வரும் ஓர் அழைப்பிதழில் சில வரிகளை ஒளித்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர் "இன்று என்ன நிகழ்ச்சி?" என்று கேட்டதும், ஜெமினி அந்த வரிகளையும் கட்டளையாக எடுத்துக் கொண்டு வீட்டு விளக்கை அணைத்தது, சன்னல் தடுப்பைத் திறந்தது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதால் கூகல் தடுப்பு நடவடிக்கைகள் எடுத்தது. என்றாலும், படிக்கக் கொடுத்த கடிதத்துக்கும் எசமானின் கட்டளைக்கும் வேறுபாடு தெரியாத ஒரு வேலையாளிடம் முழுச் சாவிக் கொத்தையும் கொடுப்பீர்களா?

தொலைபேசியில் வந்த குரல்

மூன்றாவதுதான் பெரியது. இதைச் சொல்ல அம்மாவிடம் அனுமதி வாங்கி வந்திருக்கிறேன்.

ஒருநாள் முற்பகலில் வீட்டுத் தொலைபேசி அடித்திருக்கிறது. இணையச் சேவையிலிருந்து பேசுகிறோம், உங்கள் இணைப்பில் கோளாறு, கணினியில் ஒரு மென்பொருளைப் போட வேண்டும் என்று ஒரு குரல். மரியாதையான குரல். அம்மா கணினியைத் திறந்தார். சொன்ன முகவரியைத் தட்டினார். மென்பொருளை இறக்கினார். திரையில் வந்த எண்ணைப் படித்துக் காட்டினார்.

ஓர் ஆசிரியை, செய்தித்தாள் படிப்பவர், எப்படி ஏமாந்தார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக் கோபப்பட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. பல ஆண்டுகளாக நான் அவரை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்? "அம்மா, கணினியைத் திறங்க. இந்த முகவரியைத் தட்டுங்க. அதை இறக்குங்க. திரையில் வர நம்பரைப் படிங்க. இப்ப கையை எடுங்க, நான் பார்த்துக்கறேன்." ஒவ்வொரு முறை கோளாறு வந்தபோதும் சிங்கப்பூரிலிருந்து நான் சொன்ன அதே வார்த்தைகள்; அதே மென்பொருள்கூட. தொலைபேசியில் ஒரு குரல் சொன்னால் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும் என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். மோசடிக்காரன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொண்டான். பையன் குரலுக்குப் பெட்டி கேட்டது போல.

அம்புக்குறி தானாக நகர்ந்து வங்கியின் இணையப் பக்கத்தைத் திறந்தபோதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. மேசைக்கு அடியில் குனிய முடியாது. பெட்டியைப் பார்த்து "ஸ்கூல் ஃபினிஷ்" என்று கத்தியிருக்கிறார். ஆனால் நான்தான் ஒரு நிமிடம் வைத்திருந்தேனே! அந்த அறுபது வினாடியும் அம்புக்குறி ஓடிக் கொண்டே இருந்திருக்கிறது. "ஆண்ட்டி, என்ன செஞ்சீங்க, மூடாதீங்க" என்று தொலைபேசியில் குரல் உயர்ந்திருக்கிறது. அவன் நினைத்திருந்தால் அந்த அறிவிப்பையே ரத்து செய்திருக்கலாம். ஏனோ செய்யவில்லை. திரை அணைந்தது. பணம் போகவில்லை.

பிறகு என்னை அழைத்திருக்கிறார். நான் கூட்டத்தில் இருந்தேன், கைத்தொலைபேசியைப் பார்க்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் வீண். மலேசியாவில் 997 என்னும் மோசடி உதவி எண் 2022-லிருந்து இருக்கிறது. முதலில் அதற்கோ வங்கிக்கோ அழைத்திருக்க வேண்டும். மகனை அழைப்பது மூன்றாவது வேலை. அந்த எண்ணை இப்போது பெரிய எழுத்தில் எழுதி ஒலிபெருக்கிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். கணினியைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன், கடவுச்சொற்களை மாற்றினோம்.

புதிதாக ஒரு மூன்றாவது கட்டளையும் சேர்த்தோம். "ஃபயர் டிரில்." பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி நடக்குமே, அது. இதைச் சொன்னால் கணினியைத் தொடாது. இணைய ரௌட்டரின் மின்சாரத்தை உடனே துண்டிக்கும். கழற்றி வைத்த பழைய ஸ்மார்ட் பிளக்குக்குச் சரியான வேலை கிடைத்தது. தொலைவிலிருந்து வந்தவன் அந்த நொடியே வெளியே போய்விடுவான்; எழுதிக் கொண்டிருக்கும் கோப்புக்கும் பாதிப்பில்லை. ஆனால் ஒன்று. இணையம் போன பிறகு பெட்டியிடம் "மறுபடி போடு" என்று சொல்ல முடியாது, அது செவிடாகிவிட்டது. பிளக்கில் இருக்கும் பொத்தானைக் கையால் அழுத்த வேண்டும். அதனால் அம்மாவின் கை எட்டும் உயரத்தில் அதை மாட்டியிருக்கிறோம்.

இன்னொரு விஷயம் பாக்கி. இதை அம்மாதான் கிளப்பினார். "நீ அங்கேருந்து எப்ப வேணா என் கம்ப்யூட்டருக்குள்ள வரலாம், இல்லையா? வந்திருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. மலேசியாவில் 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1993-இலிருந்தே அத்தகைய சட்டம் இருக்கிறது. அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது இரு நாட்டிலும் குற்றம். கணினி நான் வாங்கிக் கொடுத்தது, இணையக் கட்டணம் நான் கட்டுவது, ஆகவே நுழையலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் உள்ளே இருப்பது அவருடைய கடிதங்கள், அவருடைய படங்கள், யாரோடு என்ன பேசினார் என்ற பதிவுகள். பாதுகாப்பு என்ற பெயரில் பெற்றோர் வீட்டில் கேமராவும் ஒலிவாங்கியும் வைக்கும் நம் தலைமுறைப் பிள்ளைகள் எத்தனை பேர் அவர்களைக் கேட்டுவிட்டு வைக்கிறோம்? நல்ல எண்ணம்தான். ஆனால் கேட்பதில்லை.

"வீட்டுக்கு வர்றவன் கதவைத் தட்டிட்டுத்தானே வரணும்" என்றார் அம்மா. அதையும் செய்தேன். பெரிய வேலையில்லை. யாராவது தொலைவிலிருந்து சின்னக் கணினிக்குள் நுழைந்தால், அது உடனே வரவேற்பறையில் உள்ள ஒரு சிறு மஞ்சள் விளக்கை எரிய வைக்கும். வெளியேறும் வரை எரியும். விளக்கு எரிந்து, நான் வருவதாக முன்பே சொல்லியிருக்கவில்லை என்றால், ஃபயர் டிரில்.

இதில் எனக்கொரு சங்கடம். இப்போதெல்லாம் நான் நள்ளிரவில் சத்தமில்லாமல் நுழைந்து எதையாவது சரிசெய்ய முடிவதில்லை. போன வாரம் இரவு பதினொன்றரைக்கு ஏதோ ஒரு புதுப்பிப்பை ஏற்ற உள்ளே போனேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, கைத்தொலைபேசி அடித்தது.

"லைட்டு எரியுது. நீதானே? இன்னும் தூங்கலையா? சாப்பிட்டியா?"